மூன்று உளியும் ஒரு சாணைக்கல்லும்

மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது, ஏகப்பட்ட சாமான்கள் அடங்கிய பெரிய பெட்டி. பாதி பிரிக்கப்படாமலே கிடக்கும். 6, 12, 25 மில்லிமீட்டரில் மூன்று உளி, ஓர் இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி: ஒரு ஸ்டூல் செய்ய இவை தாராளம்.

ரம்பத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். நம்மூர்க் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது. இழுக்கையில் தகடு வளையாது என்பதால் அதை மெல்லியதாகவே செய்கிறார்கள், வெட்டும் குறுகலாக விழுகிறது. ஆனால் கடினப்படுத்திய பல் மழுங்கினால் அரத்துக்கு மசியாது. தகட்டையே மாற்ற வேண்டும்.

புது உளி கடையிலிருந்து வேலைக்குத் தயாராக வருவது அபூர்வம். முதலில் அதன் தட்டையான முதுகைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்; முதுகு சமமில்லாத உளி எவ்வளவு தீட்டினாலும் தேறாது. பிறகு சரிவை 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் 1000, 6000 எண் கற்களில் தீட்டலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். கல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் துரு விரைவில் ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, மெஷின் எண்ணெயை மெல்லத் தடவி வைத்தால் போதும்.