முகம் காணாச் சந்தையில் முரண்பாடு வந்தால்...



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் குடும்பம் அது. இரண்டு ஆண்டுகளாக இணையச் சந்தை ஒன்றின் வழியாக வெளிமாநிலங்களுக்கும் பாய் விற்று வந்தனர்.

"ஹஜ்ரத், நாங்கள் அனுப்பியது கையால் நெய்த பாய். வாங்கியவர் திருப்பி அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் பாய் இருக்கிறது. பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்து நாள் உழைப்பு ஹஜ்ரத்!" என்று கூறும்போதே அந்தத் தாயின் குரல் உடைந்தது.

மாணவரின் கைபேசியை வாங்கி, நடந்த கடிதப் போக்குவரத்தை முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் வேறொருவர், "படத்தில் கண்ட நிறம் வேறு, வந்த நிறம் வேறு" என முறையிட்டிருந்தார். அவர் கூறியது சரியே. படத்திலிருந்தது முந்தைய ஆண்டு நெய்த பாய். அதன் சாயமே வேறு. ஆனால் நம் மாணவரோ, "எங்கள் பாயைக் குறை சொல்ல உமக்கு என்ன தகுதி?" எனக் கோபத்துடன் பதில் எழுதியிருந்தார். நட்சத்திர மதிப்பீடு சரிந்தது. பணமும் திரும்பிச் சென்றது. பின்னர், மெய்யாகவே ஏமாற்றப்பட்ட வேளையில் அவர் கையில் ஆதாரம் ஏதுமில்லை. அவர் சொல்லுக்கு மதிப்பும் இல்லை.

இன்று நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் தையல், மிட்டாய், அத்தர், கைவினைப் பொருள் என இணையத்தில் விற்று வருகின்றனர். இந்நிலை நாளை அவர்களுக்கும் நேரலாம். ஆகவேதான் இதனை எழுதுகிறேன்.

வழக்கு எழுவது புதிதன்று

கண்ணால் காணாமல் பொருள் வாங்கும் இடத்தில் முரண்பாடு எழுவது இயல்பே. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபே சந்தை, நான்கே ஆண்டுகளில் இச்சிக்கலை உணர்ந்தது. 1999இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் காட்ஷின் துணையுடன், வாங்குவோர் விற்போர் பிணக்குகளை இணையத்திலேயே சமரசம் செய்துவைக்கும் சோதனை முயற்சி நடந்தது. 2008இல் அதே சந்தை, விற்பவர் வாங்கியவருக்குத் தீய மதிப்பீடு அளிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. விற்பவர் பழிவாங்குவார் என அஞ்சி, வாங்குவோர் உண்மையைச் சொல்லத் தயங்கியதே அதற்குக் காரணம். 'விதிகள் எல்லாம் வாங்குபவர் பக்கமே சாய்கின்றன' எனக் குறைப்படுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளைப் பார்க்காமலேயே பணத்தை முதலில் தருபவர் அவரல்லவா?

நம் ஃபிக்ஹு நூல்களும் இதனை அறிந்தே பேசுகின்றன. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. காணாது வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை.

நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மின்வணிகத்திற்கெனத் தனி விதிகள் 2020 ஜூலையில் வெளிவந்தன. பொருள் பழுதுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறிய தன்மைக்கு மாறாகவோ இருப்பின், சந்தை வழியே விற்பவர் அதனைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கலாகாது. முறையீடு வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய மிதிவண்டியை ஒரு முறை விற்பவருக்கு இவ்விதிகள் பொருந்தா. தொடர்ந்து வணிகம் செய்வோருக்குப் பொருந்தும்.

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பத்தமடையில் நெய்த பாய்க்குக் குவாஹாட்டியில் பதில் சொல்ல நேரலாம். சிறு வணிகருக்குச் சமரசமே இலாபம்.

நாம் செய்ய வேண்டியவை

1. விற்கும் பொருளையே படம் எடுங்கள். அளவைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். இயற்கைச் சாயம் நிறம் மாறுமெனில் அதையும் எழுதுங்கள். குறையிருப்பின் மறைக்காதீர்கள். மறைத்த குறையே பின்னாளில் வழக்காக வந்து நிற்கும்.

2. பொருளைக் கட்டும்போது, முகவரிச் சீட்டும் பொருளும் ஒருசேரத் தெரியுமாறு காணொளி எடுங்கள். எடையைக் குறித்துவையுங்கள். பொருளின் மூலையில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த சிறு அடையாளம் ஒன்றை இடுங்கள். அனுப்பிய இரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. முறையீடு வந்தால் உடனே பதில் எழுதாதீர்கள். ஒரு நாளைக் கடக்கவும் விடாதீர்கள். சினம் தணிந்தபின், "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். பொருளின் படம் ஒன்றை அனுப்பி உதவுங்கள். மாற்றுப் பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா எனத் தெரிவியுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். இதனைத் தொலைபேசியில் பேசாமல், அச்சந்தையின் செய்திப் பகுதியிலேயே எழுதுங்கள். நடுவர் படிப்பது அதைத்தான்.

4. சிறு குறைக்குப் பெருவழக்கு வேண்டா. திரும்பப் பெறும் அனுப்புச் செலவையும், சரியும் மதிப்பீட்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் விலையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதே மலிவானது.

5. திரும்பி வந்த பொட்டலத்தை, முத்திரை கிழியாத நிலையிலிருந்து இறுதிவரை இடைவிடாது படமெடுத்துக்கொண்டே பிரியுங்கள். பொருள் மாறியிருந்தால் அன்றே சந்தை நிறுவனத்திடம் உரிமை கோருங்கள். இதற்கான கெடு பெரும்பாலும் சில நாட்களே. அது எத்தனை நாள் என்பதை விற்கத் தொடங்கும் முன்பே படித்தறியுங்கள்.

6. வாங்கியவரின் எண்ணையோ முகவரியையோ பொதுவெளியில் இடாதீர்கள். மிரட்டாதீர்கள். உறவினரை வாங்கியவர் போல் நடிக்கச் செய்து நல்மதிப்பீடு எழுதச் செய்யாதீர்கள். இது பொய், 2020ஆம் ஆண்டு விதிகளும் விற்பவர் வாங்கியவராக நடித்து மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன.

7. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவர் கூறினால் அவர் வாங்க வந்தவர் அல்லர், திருட வந்தவர். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இறுதியாக...

அந்தத் தாய்க்கு இழந்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை. உரிமை கோரும் கெடு கடந்திருந்தது. காட்டுவதற்குக் காணொளியும் இல்லை. அதனை நான் அவர்களிடம் மறைக்காமல் கூறினேன். நிறம் மாறிய பாயை வாங்கியவருக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதுமாறும் கூறினேன். "பணம்தான் அவருக்குப் போய்விட்டதே, இனி எதற்கு ஹஜ்ரத்?" என்று மாணவர் கேட்டார். தாயோ, "எழுது வாப்பா, தவறு நம்முடையதுதானே!" என்றார்.

சில மாதங்களுக்குப் பின் வேறொருவர், பாயின் ஓரம் பிரிந்திருப்பதாக முறையிட்டார். இம்முறை மாணவர் படம் கேட்டார். குறை உண்மையென்று கண்டார். மறுநாளே மாற்றுப் பாய் அனுப்பினார். அதே மனிதர் பின்னர் மேலும் இரண்டு பாய்கள் வாங்கினார்.

வாசகர்களே! அன்றைய சந்தையில் விற்பவரின் முகம் சாட்சி நின்றது. இன்றோ முகம் மறைந்துவிட்டது. நம் சொல்லும் நாம் பாதுகாக்கும் ஆதாரமுமே நமக்காகச் சாட்சி நிற்கின்றன. இவ்விரண்டையும் பேணிக் கொள்வோமாக!