கண்டிச் சீமைத் துரை

பனமரத்துப்பட்டியைச் சுற்றியுள்ள புன்செய்க் காடுகளில் மழை பொய்த்துவிட்டால் குடியானவன் என்ன செய்வான்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சேலம் ஜில்லா ஏழைகளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. கங்காணியின் பின்னால் 'கண்டிச் சீமை'க்குப் புறப்படுவதே அது. கடற்கரை வரையில் நடை. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியதும் மறுபடியும் காட்டு வழியில் நடை. காலராவிலும் சுரத்திலும் பாதையோரத்திலேயே மடிந்தவர் ஏராளம். பிழைத்தவர்கள் மலையேறிக் காப்பித் தோட்டக் கூலிகளானார்கள்.

அந்நாளைய தோட்டத் துரைமாரில் ஒருவர் ஜார்ஜ் வால். (பெயரைக் கண்டு நேயர்கள் சிரிக்க வேண்டாம், எங்கும் தலையாகவே நின்ற மனிதர்!) 1846-இல் இலங்கைக்கு வந்த அவர், தோட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார்; சட்ட நிரூபண சபையிலும் அமர்ந்தார். சபையின் சம்மதமின்றியே பட்டாளச் செலவைச் சீமைச் சர்க்கார் இலங்கையின் தலையில் கட்டிற்று. உடனே, 1864 நவம்பரில், வால் துரையும் உத்தியோகப் பற்றற்ற தோழர்களும் ராஜினாமாச் செய்து வெளியேறினர். மறு வருஷமே 'இலங்கைச் சங்கம்' தோன்றியது. வரி கொடுப்பவனுக்கு அதைச் செலவிடுவதிலும் குரல் வேண்டும் என்று அவர் கிளர்ச்சி செய்தார். நம் காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பு!

1869-இல் காப்பி இலைகளில் துருப் போன்றதொரு ரோகம் தென்பட்டது. சில வருஷங்களில் அது தோட்டங்களையே அழித்தது. வால் துரையின் வியாபாரமும் முறிந்தது. ஆயினும் மனிதர் ஓயவில்லை. சிங்களக் குடியானவர்களை வாட்டிய நெல் வரியை எதிர்த்து முதுமையிலும் வாதாடினார். அவ்வரி 1892-இல் நீங்கியது. 1894-இல் அவர் காலமானார்.

நல்ல மனிதர்தாம், சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்ட குரல் யாருக்கு? மலையில் மண் கொத்திய தமிழனுக்குக் கிடைத்ததெல்லாம் 'துண்டு' என்னும் கடன் சீட்டு. அந்தக் கடனைத் தீர்க்காமல் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. 1921 வரையில் அந்த முறை நீடித்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது. பேரன்மார் அதே லயங்களில் பிறந்தார்கள். 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று.

வால் துரை ராஜினாமாச் செய்து நூறு வருஷங்கள் கழிந்தன. 1964 அக்டோபரில் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று முடிவாயிற்று. இப்படிப் பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.