மனத்தை அலைக்கழிக்கும் நோயும் அதற்கேற்ற மருந்தும்

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்பதை நம்மவர்கள் இன்று யாரிடமும் மறைப்பதில்லை. கோயில் அன்னதானப் பந்தியில் அமர்ந்தபடியே சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக் கொள்கிறோம். மனநோய்க்கு மருந்து என்றால் மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்கிறோம். தஞ்சோங் ரம்புத்தான் என்ற நல்ல ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி விட்டவர்கள் நாம். 1911-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் பேச்சு மாறவில்லை.

நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் கரும்பலகை முன் நின்றே காலம் கழித்தவன். ஆயினும் கோயில் செயலவையில் இருப்பவன் என்ற முறையில், ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்திற்கு முன் யாராவது ஒரு தாயோ தந்தையோ என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பையன் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். காவடிக்கு விரதம் இருக்கலாமா? விரத நாளில் மாத்திரையை நிறுத்தி விடலாமா?" இக்கட்டுரை அக்கேள்விக்காக எழுதப்படுவது.

இருதுருவ மனநோய் என்பது மனம் இரண்டு எல்லைகளுக்கு மாறி மாறிப் போகும் நோய். ஓர் எல்லையில் ஒருவர் நாட்கணக்கில் உறங்க மாட்டார், களைப்பும் தெரியாது. பேச்சு பேச்சைத் துரத்தும். கையிலுள்ள பணமெல்லாம் கரையும். தமக்குத் தனி ஆற்றல் வந்துவிட்டதாகச் சொல்வார். நம்மவர்கள் இதை அருள் என்றோ, காற்று கருப்பு என்றோ எண்ணிக் காலம் கடத்துவதுண்டு. மறு எல்லையில் அதே மனிதர் படுக்கையை விட்டு எழ மாட்டார், குளிக்க மாட்டார், சாவைப் பற்றிப் பேசுவார். இடைப்பட்ட காலத்தில் எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருவார். அதனால்தான் வீட்டார், "சரியாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்தி விடுகிறார்கள்.

இந்நோய்க்கு மருந்து கிடைத்த வரலாறு நமக்கு அண்டை வீட்டுக் கதை போன்றது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டிருந்தவர். அங்கே மனம் பேதலித்த கைதிகளைக் கவனித்தவருக்கு, மனநோயும் உடலில் தோன்றும் கோளாறாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. விடுதலை பெற்று ஊர் திரும்பியபின், மெல்பர்னில் ஒரு மருத்துவமனையின் பழைய சமையலறைப் பகுதியில் கினிப் பன்றிகளை வைத்து ஆய்வு செய்தார். வேறொரு பொருளைக் கரைப்பதற்காகச் சேர்த்த லித்தியம் உப்பு அவற்றைச் சாந்தப்படுத்தியது கண்டு வியந்தார். முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். 1948 மார்ச்சில், ஐந்தாண்டுகளாக ஓயாத வெறியிலிருந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். அவர் சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949 செப்டம்பரில் பத்து நோயாளிகளைப் பற்றிய கேட்டின் கட்டுரை வெளிவந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அந்த முதல் நோயாளி, உடல் தேறியதும் மருந்தை விட்டுவிட்டார், நோய் திரும்பியது. மீண்டும் கொடுக்கப்பட்டபோது உடலில் லித்தியம் மிகுந்து நஞ்சாகி, 1950-இல் இறந்து போனார். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இருதய நோயாளிகளுக்குக் கறியுப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. அவர்களிலும் சிலர் மாண்டனர். 1949-இல் அதன் விற்பனை தடுக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்பவர் முறையாக ஆராய்ந்து நிறுவிய பிறகே, 1970-இல் அமெரிக்கா இம்மருந்தை ஏற்றது.

உப்பைக் குறைத்த இருதய நோயாளிகளுக்கு அது ஏன் எமனானது? நம் விரதக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சோடியத்தை வெளியேற்றாமல் இழுத்து வைத்துக் கொள்ளும். கூடவே லித்தியத்தையும் இழுத்துக் கொள்ளும். மாத்திரையின் எண்ணிக்கை மாறவில்லை, இரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். பொதுவாக ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இவ்வளவு குறுகிய வரப்பில் நடக்கும் மருந்து இது.

இப்போது நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மண்டலம் ஒருவேளை உணவு. சிலர் உப்பில்லாமல் உண்பார்கள். சிலர் பாலும் பழமும் மட்டுமே. பிறகு கொளுத்தும் வெயிலில் வியர்வை ஊற்றத் தண்ணீர்மலை வரை நடை. லித்தியம் உண்பவருக்கு இது உயிரோடு விளையாடுவது ஆகும். கை முன்னைவிடக் கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம், தூங்கி விழுதல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். கூட்டத்தில் இவற்றைக் கண்டு "சாமி வந்திருக்கிறது" என்று விபூதி பூசிக் கொண்டிருக்கக் கூடாது. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே விரதமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சைவ உணவுக்குத் தடையில்லை. வழக்கமான உப்பையும் தண்ணீரையும் குறைக்காமல், மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாமல், விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டு இருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் பால்குடத்தைத் தம்பி எடுக்கட்டும்; முருகன் கோபித்துக் கொள்ள மாட்டான். கூடு மாத்திரையின் உறை விலங்கிலிருந்து செய்யப்பட்டதோ என்று ஐயப்பட்டு விரத காலத்தில் விட்டுவிடுவோரும் உண்டு. மருந்தகத்தில் கேட்டால், உறையில்லாத மாத்திரை கிடைக்குமா என்று சொல்வார்கள்.

விழா நாட்களைப் பற்றி இன்னொன்று. உறக்கம் கெடுவதே இந்நோயை மேல் எல்லைக்குத் தள்ளிவிடும். சிவராத்திரிக்கு விடிய விடியக் கண் விழிப்பது இவர்களுக்கு ஏற்றதன்று. முதல் காலப் பூசையைக் கண்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கலாம்.

லித்தியம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியபின், ஒலான்சபின் என்று வேறு மருந்துகளும் உள்ளன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே காட்டும் பரிசோதனை இல்லை. கொடுத்துப் பார்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து, அளவை மாற்றி, சில வேளை மருந்தையே மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை மருத்துவரின் திறமைக் குறைவு என்று எண்ணி இடம் மாறி மாறி அலைவதால், ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட் கருவைப் பாதிக்கக் கூடியது. திருமணப் பேச்சு நடக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், மறைத்து நடத்தும் கல்யாணத்தில் இந்தக் கேடும் உண்டு. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியே உண்டால் சிலருக்கு மறு எல்லை கிளம்பிவிடும்.

கார்பமாசெபின் என்ற மருந்தைப் பற்றி நம் வட்டாரத்தார் தனியாக அறிந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்கு அது தோலையே உரித்தெடுக்கும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும் என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டனர். அக்கூறு ஐரோப்பியரிடம் அரிது, சீனரிடமும் மலாய்க்காரரிடமும் மிகுதி, இந்தியரிடமும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் அறியலாம். புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தடிப்பும் வாய்ப்புண்ணும் தோன்றினால், அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்கலாகாது.

மருந்தின்றி வழிபாட்டை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்கா அருகே இருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றி இறந்தனர். எந்தச் சமயத்தார் என்ற பேதம் இதில் இல்லை. சங்கிலி நம் வீடுகளிலும் இருந்தது.

நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதாரக் கிளினிக்குகளிலும் இதற்குச் சிகிச்சை பெறலாம். மனம் தாங்காத வேளையில் அழைக்கச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது. லித்தியம் உண்பவர் மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கக் கூடாது. அவையும் லித்தியத்தின் அளவை ஏற்றும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் குறைந்தது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்க்க வேண்டும். லித்தியத்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், முதல்நாள் இரவு மாத்திரை உண்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம்தான் சரியான கணக்கைக் காட்டும். காலை மாத்திரை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு உண்ணலாம்.