மண்ணுக்குள் ஒரு கிளட்ச்

ஓடும் இன்ஜினை அணைக்காமலே வண்டியை நிறுத்தி வைக்கிறோமே, அதை ஒரு கணமாவது வியந்திருக்கிறோமா? கார் இன்ஜின் சும்மா நிற்கும்போதுகூட நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகள் சுற்றியாக வேண்டும். வேகம் அதற்கு மிகவும் கீழே இறங்கினால் திணறி அணைந்துவிடும். சிக்னலில் நிற்கும் சக்கரமோ அசைவதே இல்லை. சுழல்வதையும் நிற்பதையும் சட்டென்று பிணைத்தால் இன்ஜின் அணையும், இல்லையேல் வண்டி துள்ளிப் பாயும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்து இணக்கம் செய்து வைப்பது கிளட்ச்.

இன்ஜின் தண்டின் முனையில் கனமான பிளைவீல் இருக்கிறது. அதன் முகத்தோடு ஒட்டி, இருபுறமும் உராய்வுப் பட்டை பதித்த கிளட்ச் பிளேட். அதன் பின்னால் பிரஷர் பிளேட். அதற்கும் பின்னால் டயாபிரம் ஸ்பிரிங்: கூம்பாகக் குவிந்த எஃகு வட்டு, நடுவை நோக்கி விரல் விரலாகக் கீறப்பட்டது. கிளட்ச் பெடலில் நாம் காலை வைக்காதபோது இந்த ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு பிரஷர் பிளேட்டை அழுத்த, கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒன்றாகிச் சுழல்கிறது. மிதித்தால் கேபிளோ எண்ணெய் அழுத்தமோ ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளுகிறது, ரிலீஸ் பேரிங் அந்த எஃகு விரல்களை உள்ளே அழுத்துகிறது, ஸ்பிரிங்கின் வெளிவிளிம்பு எதிர்த்திசையில் எழும்புகிறது, பிடி விடுகிறது. விலகும் இடைவெளி மிகச் சிறியது. அவ்வளவு போதும், இன்ஜின் வேறு, சக்கரம் வேறு.

ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்கிற அந்த நொடிகளில்தான் இதன் அழகு முழுதாக இருக்கிறது. பிளைவீல் வேகமாகவும் பிளேட் மெதுவாகவும் சுழல, இரண்டும் உரசி வழுக்கி, சூடேறி, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்கு வருகின்றன. பிளேட்டின் நடுவைச் சுற்றி அமைந்த சிறு சுருள் ஸ்பிரிங்குகள் இன்ஜினின் அதிர்வைத் தாமே வாங்கிக்கொள்கின்றன. மனிதன் இதை யோசித்துச் செய்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இந்த யோசனை அவனுக்கு முன்பே படைப்பில் இருந்தது.

ஓர் ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறகை அடிக்கும் பெரிய தசைகள் சிறகில் நேராகப் பிணைக்கப்படவில்லை. மார்புக்கூட்டையே அதிர வைக்கின்றன. அந்த அதிர்வைச் சிறகின் மூட்டு வாங்கிக்கொள்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சஞ்சய் சானேயும் அவருடைய மாணவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மூட்டில் ஒரு கிளட்ச் இருப்பதைக் காட்டியது. வலச் சிறகைத் தனியாக, இடச் சிறகைத் தனியாகத் தசையின் அதிர்வோடு சேர்க்கலாம், விலக்கலாம்.

ஈயாவது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும். அதன் உடலில் நீண்ட இழைகள் பல. ஒவ்வொன்றின் அடியிலும் உண்மையாகவே சுழலும் ஒரு மோட்டார். சவ்வின் வெளியிலிருந்து உள்ளே பாயும் ஹைட்ரஜன் அயனிகளே அதற்கு எரிபொருள். நீந்தித் திரியும் இந்த உயிர், ஒரு கட்டத்தில் தன் இனத்தோடு சேர்ந்து பசைப்படலம் கட்டிக் குடியேறுகிறது. அப்போது மோட்டார்களை என்ன செய்வது? பிரித்துப் போடுவது வீண்செலவு. சுழல விட்டால் படலத்தில் நிலைக்க முடியாது.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேனியல் கியர்ன்ஸ் குழுவும், ஹார்வர்டில் ஹோவர்ட் பெர்க்கும் 2008-இல் இதற்கு விடை கண்டார்கள். எப்ஸ்-ஈ என்ற ஒரு புரதம் மோட்டாரில் போய்ச் சேர்ந்ததும் இழை நின்றுவிடுகிறது. நிற்கக் காரணம் பிரேக்கா, கிளட்ச்சா? அதை அறிய அவர்கள் செய்த சோதனையை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது. இழையைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். இழை அசைய முடியாததால் மோட்டார் உடலையே சுழற்றியது. பிறகு அந்தப் புரதத்தை உருவாக வைத்தார்கள், சுழற்சி நின்றது. பிரேக் பிடித்திருந்தால் உடல் இறுகி அசையாமல் நின்றிருக்கும். அப்படி நிற்கவில்லை. நீர் மூலக்கூறுகள் மோதும் பக்கமெல்லாம் அது தடையின்றித் திரும்பிக்கொண்டே இருந்தது. பிணைப்பு விடுபட்டிருந்தது. சுழலும் பாகத்துக்கும் அதற்கு விசை தரும் பாகத்துக்கும் இடையிலான தொடர்பை அந்த ஒற்றைப் புரதம் பிரித்துவிட்டது. காரில் உள்ளதைப் போலவே இங்கும் இயல்பு நிலை பிணைந்திருப்பதுதான். விலக்கத்தான் ஒரு செயல் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படலத்தின் பசையைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதியிலேயே எப்ஸ்-ஈயின் மரபணுவும் இருக்கிறது. அந்தப் பசைக்கான சர்க்கரைச் சங்கிலியைக் கோக்கும் நொதியும் அதே எப்ஸ்-ஈதான். குடியேறும் வேளை வந்ததும் ஒரே கட்டளையில் பசையும் சுரக்கிறது, மோட்டாரும் விலகுகிறது. அந்தப் புரதத்தின் ஒரு பகுதியை மாற்றினால் பசை வேலை மட்டும் கெடுகிறது, கிளட்ச் வேலை நிற்பதில்லை. வேறு பகுதியை மாற்றினால் கிளட்ச் வேலை மட்டும் கெட்டுப் பசை வேலை தொடர்கிறது என்பதை 2010-இல் அதே கியர்ன்ஸ் குழு காட்டியது. இரண்டு பெரும் பணிகளை இப்படி ஒன்றையொன்று இடறாமல் ஒரே மூலக்கூறில் வைத்த படைப்பின் பேரறிவை நான் கைகூப்பித்தான் பார்க்கிறேன்.