கில்பெக்: செம்மணற்கல்லில் ஒரு கிராமத் தேவாலயம்

இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய சிற்றூர் கில்பெக். அங்குள்ள புனித மரியா, புனித தாவீது தேவாலயம் ஏறத்தாழ 1140-இல் கட்டப்பட்டது. அவ்வூர்ப் பிரபு ஹ்யூ 1134-இல் இங்கிருந்த தேவாலயத்தை குளோஸ்டர் மடத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். மேற்கே மண்மேட்டில் அந்தக் குடும்பத்தின் கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. தேவாலயத்தில் வழிபாடு தொடர்கிறது.

அமைப்பு எளிமையானது. மக்கள் கூடும் கூடம், அதையடுத்துப் பாதிரியாருக்கான பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்டமான பீட அறை என மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. கூர்முனை வளைவுகள் பரவுவதற்கு முந்தைய ரோமானெஸ்க் பாணி இது: தடித்த சுவர்கள், சிறிய சன்னல்கள், அரைவட்ட வளைவுகள். பீட அறையின் கல்கூரையை விலா எலும்பு போன்ற வளைவுகள் தாங்குகின்றன.

இவ்வளவு சிறிய கட்டடத்துக்கு இத்தனை பெயர் வரக் காரணம் அதன் சிற்பங்கள்தான். தெற்கு வாசலின் மேல் அரைவட்டக் கல்லில் கொடி படர்ந்த வாழ்வின் மரம். சுற்றியுள்ள வளைவில் அலகு நீண்ட தலைகளும் விலங்குகளும் வரிசை கட்டுகின்றன. பக்கத் தூண் ஒன்றில் கால்சட்டை அணிந்த இரண்டு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். உடையின் மடிப்பு வரிகள்கூட இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. எட்டு நூற்றாண்டுக்கு மேல் பழைய கல் இது என்பதை நம்புவது கடினம். சிற்பங்கள் இப்படி நிலைத்திருக்கக் கெட்டியான செம்மணற்கல் ஒரு முக்கியக் காரணம்.

கூரை விளிம்பின்கீழ்ச் சுவரைச் சுற்றி 85 தாங்குகற்கள் எஞ்சியுள்ளன. சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி இருக்கிறது. நாயும் முயலும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் ஷீலா நா கிக் என்ற பெண்ணுருவமும் உண்டு. அவள் வளமையின் அடையாளமா, காமத்துக்கு எதிரான எச்சரிக்கையா, தீமையை விரட்டும் காவலா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. பாடம் புகட்டுவது மட்டுமே இந்தச் சிற்பிகளின் நோக்கம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நாயையும் முயலையும் செதுக்கிய கை மகிழ்ச்சியோடு வேலை செய்திருக்கிறது.

இதே கைவண்ணம் அருகிலுள்ள ஷோப்டன் போன்ற ஊர்களிலும் காணப்படுவதால், இவர்களை ஹெரஃபோர்ட்ஷயர் சிற்பிகள் என்று ஒரே குழுவாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஷோப்டன் தேவாலயத்தைக் கட்டுவித்த ஆலிவர் டி மெர்லிமண்ட் ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் புனிதப் பயணம் போனவர். பிரெஞ்சு, ஸ்பானியச் சாயல்கள் இப்படித்தான் இந்த ஒதுக்குப்புறத்துக்கு வந்திருக்கலாம்.

1848-இல் தேவாலயம் பழுதுபார்க்கப்பட்டது. அதற்குமுன் 1842-இல் ஜி. ஆர். லூயிஸ் வரைந்து வெளியிட்ட படங்கள் இருப்பதால், பழுதுபார்ப்புக்கு முன் இச்சிற்பங்கள் எப்படி இருந்தன என்பதை இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.