ஆட்சி மாற்றம்: ஒரு சொல்லும் அதன் விளைவுகளும்

வேற்றுநாட்டுப் படையெடுப்பைப் பற்றி மொழிநூலார் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அரசியல் செயல்கள் சொற்களின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அச்சொற்களை ஆராய்வது நம் தொழில். செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் 'ஆட்சி மாற்றம்' என்னும் தொடரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

'மாறு' என்பது தன்வினை; 'மாற்று' என்பது பிறவினை. 'ஆட்சி மாறியது' என்றால், மக்கள் வாக்களித்ததால் அது நிகழ்ந்திருக்கலாம். 'ஆட்சியை மாற்றினர்' என்றால், மாற்றியவர் யார் என்னும் வினா உடனே எழுகிறது. 'மாற்றம்' என்னும் பெயர்ச்சொல்லோ இரண்டுக்கும் பொதுவானது. 'விலையேற்றம்' என்னும்போது விலை ஏறியதா, யாரேனும் ஏற்றினரா என்பது புலப்படுவதில்லை. அதுபோலவே 'ஆட்சி மாற்றம்' என்பதிலும் செய்தவர் மறைந்துவிடுகிறார். அவர் எண்ணியது என்ன, விளைந்தது என்ன என்று கேட்கும் வழக்கமும் உடன் மறைகிறது. இரண்டு நாடுகளின் வரலாற்றில் அவ்வினாக்களைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது ஈரான். 1951இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பிரிட்டானிய நிறுவனத்தின் வசமிருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. அம்முயற்சியை முன்னின்று நடத்திய முகம்மது மொசாடெக் பிரதமரானார். 1953 ஆகஸ்டு 19ஆம் நாள், அமெரிக்க, பிரிட்டானிய உளவு நிறுவனங்கள் திட்டமிட்ட சதியால் அவர் பதவி இழந்தார். மன்னர் ஷாவின் கை ஓங்கியது. 1957இல் 'சாவாக்' என்னும் உளவுக் காவல் அமைப்பு உருவானது. எதிர்க்கட்சிகள் ஒடுக்கப்பட்டன. மக்கள் கூடிக் குறைகளைப் பேசுவதற்கு எஞ்சிய இடங்களுள் பள்ளிவாசல் முதன்மையானது. 1979ஆம் ஆண்டுப் புரட்சியில் சமயத் தலைவர்கள் முன்னணிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாண்டு நவம்பரில் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினர். 52 அமெரிக்கர் 444 நாள்கள் பிணையாளிகளாக இருந்தனர்.

இங்கு ஒரு சொல்லின் வரலாற்றையும் காண்போம். 'புளோபேக்' என்னும் ஆங்கிலச் சொல், துப்பாக்கி வெடிக்கும்போது சுட்டவரை நோக்கியே திரும்பும் வெடிவளியைக் குறிப்பது. 1953 சதியைப் பற்றிச் சி.ஐ.ஏ. தன் பயன்பாட்டுக்கென 1954இல் எழுதிவைத்த அறிக்கையில் இச்சொல் அரசியல் பொருளில் இடம்பெற்றது. தீங்கு திரும்பி வரக்கூடும் என்பதைச் செய்தவர்களே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. இதனைப் 'பின்விளைவு' எனப் பெயர்ப்பது போதாது. பின்விளைவு எவரையும் தாக்கலாம். இதுவோ செய்தவரையே வந்து தாக்குவது. 'எதிர்வீச்சு' என்றால் பொருள் ஓரளவு விளங்கும்.

இரண்டாவது ஈராக். 2003 மார்ச்சில் அமெரிக்கத் தலைமையிலான படைகள் அந்நாட்டினுள் நுழைந்தன. பேரழிவு ஆயுதங்கள் அங்கு இருப்பதாகக் காரணம் கூறப்பட்டது. சொல்லப்பட்ட ஆயுதக் குவியல்கள் கிடைக்கவில்லை. ஏப்ரல் 9ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தது. காப்பாரற்றுக் கிடந்த தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. தேசிய நூலகம் தீக்கிரையானது.

ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் தலைவர் பால் பிரெமர் மே மாதத்தில் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். 16ஆம் நாள் வந்த முதல் ஆணை, சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல்நிலையில் இருந்தோரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. கொள்கைப் பற்றின்றி, பிழைப்பை முன்னிட்டுக் கட்சியில் சேர்ந்திருந்த பள்ளி ஆசிரியர்களும் பல்லாயிரவராய் வேலை இழந்தனர். 23ஆம் நாள் வந்த இரண்டாம் ஆணை இராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சியும் குடும்பப் பொறுப்பும் உடைய இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் பணியற்றவராயினர். பின்னர் உதவித்தொகை வழங்கப்பட்டபோதும் அவமதிப்பு ஆறவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தனர். 2014 ஜூனில் மோசுல் நகரைக் கைப்பற்றிய ஐ.எஸ். அமைப்பின் படைத்தலைமையில் சதாமின் பழைய அதிகாரிகளும் இருந்தனர். 2011இல் வெளியேறிய அமெரிக்கப் படை 2014இல் திரும்பி வர நேர்ந்தது.

இவ்விரண்டு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 1980 முதல் 1988 வரை ஈரானுடன் போரிட்டவர் சதாம். அவர் அகன்றதும், முன்னர் ஈரானில் அடைக்கலம் பெற்றிருந்த ஈராக்கியக் கட்சிகள் பாக்தாதில் அதிகாரம் பெற்றன. ஈரானின் பெரும்பகைவரை அகற்றிக் கொடுத்தது, ஈரானைப் பகைவராகக் கருதிய அமெரிக்காவே.

சதாமின் கொடுமையை நாம் மறைக்கவில்லை. 1988இல் ஹலப்ஜா நகரின் குர்து மக்கள்மீது அவருடைய படை நச்சுவளி வீசியது. 2005ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அரபுடன் குர்து மொழியையும் ஆட்சிமொழியாக்கியதை மொழித்துறையினராகிய நாம் மறத்தலாகாது. ஆனால் ஆள்பவர் வேறு, அரசு வேறு. ஊதியப் பட்டியல், காவல் நிலையம், பள்ளிக்கூடம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றால் ஆனது அரசு. ஆள்பவரை அகற்றச் சில வாரங்கள் போதும். அரசு கலைந்தால், அதனை மீண்டும் கட்டி எழுப்பும் சுமை அகற்றியவரைவிட அங்கு வாழ்வோர் மீதே விழுகிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். 'மாற்றம்', 'விடுதலை', 'தலையீடு' ஆகிய சொற்கள் வரும் செய்தி ஒன்றை மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வினைமுற்றாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். யார் மாற்றினார், யாரை விடுவித்தார், யாருடைய நாட்டில் தலையிட்டார் என்பதை அவர்கள் எழுதியே தீரவேண்டும். விடை கிடைக்காத இடங்களைக் கோடிட்டு வைக்கட்டும். அவ்விடங்களிலிருந்து வகுப்பின் உரையாடல் தொடங்கலாம்.