சுமையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல!

தாம்பரத்தை அடுத்த பம்மல் தெருக்களில் காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றி ஓடுகின்றன சிறு லாரிகள். 2005-ல் வந்த டாட்டா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகள் அவை.

"விறைப்பான ஷாக் அப்சார்பர் போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம்" என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு!

சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் அது துள்ளும். துள்ளலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே உள்ள எண்ணெய் சிறு துளைகள் வழியே மெல்லப் பாய்கிறது, ஆட்டம் அடங்குகிறது.

எதை வாங்குவது?

வண்டிக்கு உரிய நீளம் உள்ளதையே வாங்க வேண்டும். விறைப்பு மிஞ்சினால், சுமை இல்லாதபோது வண்டி குதிக்கும். எண்ணெய் கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தரையை விட்டு எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக் போட்டும் பயன் இல்லை. குறுக்கே ஓடி வரும் குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது!